மேல் பெட்டி

காரைக்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் அஜித்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் இங்கே நலமில்லை.

போன வாரம் பட்டறையில் டிரான்ஸ்பார்மர் பெட்டி வெடித்துவிட்டது. ஐயோ, அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை! அரிசி ஆலைப் புகையில் சாம்பலைப் பிடிக்கும் கருவிக்குப் பத்தாயிரம் வோல்ட் போதவில்லை என்று அப்பா உன்னிடம் கேட்டார் அல்லவா? பேட்டரி மாட்டுவதுபோல் இரண்டு பெட்டிகளைச் சீரீஸில் மாட்டுங்கள், இருபதாயிரம் வந்துவிடும் என்றாய். அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் மேல் பெட்டி பிளந்து, உள்ளே இருந்த எண்ணெய் கொதிக்கக் கொதிக்க அவர் இடது கை முழுக்கத் தெறித்தது. சாப்பாடு கொண்டுபோன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பெட்டி செய்த கம்பெனிக்கு நானே போன் போட்டேன். மேல் பெட்டியின் கம்பிச்சுருள் கீழ்ப் பெட்டியின் வோல்ட்டையும் சேர்த்துத் தாங்க வேண்டுமாம். ஆனால் சுருளுக்கும் பெட்டியின் இரும்புக்கும் நடுவிலுள்ள இன்சுலேஷன் பத்தாயிரத்துக்கு மட்டும் செய்ததாம். கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் ஒயர் இருந்ததால்தான் உயிர் தப்பியது, இல்லாவிட்டால் பெட்டியைத் தொட்டபடியே போயிருப்பார் என்றார்கள்.

உன் அப்பாவிடம் சொன்னால் கேட்கவா செய்கிறார்? “எம்மகன் கணக்குத் தப்பாதுடி, நாந்தான் எங்குட்டோ பிசகிட்டேன்” என்கிறார். உனக்குத் தெரிந்தால் மனசு விட்டுவிடுவாயாம். வாயைத் திறக்க மாட்டேன் என்று குன்றக்குடி முருகன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. உன் சிநேகிதன் இராமு இன்று பெங்களூர் புறப்படுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுப் புதுப் பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. எர்த் இருப்பதால்தானே கரண்ட் இரும்புக்குப் பாய்ந்தது, அதைக் கழற்றிவிட்டு வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன் என்கிறார், கட்டுப் போட்ட கையோடு! “வேணாங்க, அதத் தொடாதீக” என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சிரிக்கிறார். இந்த மனுஷனை நான் என்ன செய்ய?

உன்மேல் எனக்குக் கோபமில்லை, சாமி. தெரியாமல் சொன்னாய். ஆனால் அவர் நம்புவது உன் பேச்சை மட்டும்தான். ‘கணக்கு என்னிடம்தான் தப்பு, அப்பா’ என்று உன் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

நீ நூறு வயது நன்றாக இருப்பாய். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடு.

உன் அம்மா,
காளீஸ்வரி