தூசியையும் சேர்த்து

என் கெட்டிக்கார மகனுக்கு,

"ஏழாயிரம் துண்டுல ஒண்ணுதானேம்மா கிழிஞ்சுது, அதுக்கா இவ்வளவு ரகளை?" என்று போனில் கேட்டாயே, அதற்குப் பதில் எழுதுகிறேன்.

எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஈயின் மூளையை மெல்லிசாகச் சீவி, ஒவ்வொரு சீவலையும் நுண்ணோக்கியில் படமெடுத்து, எந்த நரம்பு எதோடு சேருகிறது என்று வரைகிறீர்கள். ஒரு சீவல் கிழிந்தது. அதைச் சொல்லாமல், முந்தின படத்தையே இன்னொரு தடவை வைத்துப் புது எண் போட்டுவிட்டாய்.

நான் பாடம் நடத்திய வகுப்பில் ஒருவன் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியபோது, அந்தப் பையன் அடித்துத் திருத்தியதையும் அப்படியே அடித்துத் திருத்தி வைத்திருந்தான். காப்பியடித்தவனுக்குப் பத்து வயது. நீ நாற்பது வயதில், டாக்டர் பட்டத்தோடு, தூசியையும் சேர்த்துக் காப்பியடித்திருக்கிறாய். ஒரே தூசி, ஒரே இடத்தில், இரண்டு படத்திலும்.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவளைத்தான், "இவளுக்குக் கண்ணு சரியில்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லி வேலையை விட்டு அனுப்பினாய். நாலு வருஷமாக உனக்காக நரம்பு வரைந்த கண் அது. உன் மனைவியின் கண்.

அவள் இங்கேதான் இருக்கிறாள். காலையில் எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறாள். பொடி எழுத்துகூடத் தப்புவதில்லை. "அவர் பேசினாரா அத்தை?" என்று கேட்பதைத்தான் நிறுத்திவிட்டாள்.

கடுகளவு மூளையை வைத்துக்கொண்டு அந்த ஈ யாரையும் ஏமாற்றவில்லை.

அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டு, 'இது கிழிந்துவிட்டது' என்று உன் கையால் எழுதிப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா