அக்காவின் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா

அக்கா,

எந்த மிருகத்தையும் சுட்டிராத ஒரு துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா பொருத்தம்? இன்று காலை சேலத்துத் துப்பாக்கிக் கடைக்காரர் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ஊர் வந்து சேர்ந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகும் துப்பாக்கி எண்ணெய் வாசனை விரலிலேயே நிற்கிறது. நீ சமையலறைக்குள் வந்தால் தாளிக்கும் வாசனையையும் மீறி வருமே, அதே வாசனை. அப்போதெல்லாம் நான் முகத்தைச் சுளிப்பேன். இன்று காரில் வரும்போது விரலை மூக்கருகே கொண்டுபோனேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

நீ கண்ணை மூடிய பிறகு துப்பாக்கி உரிமம் என் பெயருக்கு மாறியது. அப்பாவுக்குப் பிறகு நீ தாலுகா அலுவலகத்தில் போய் நின்றபோது, "பொம்பளைக்கு எதுக்குங்க துப்பாக்கி?" என்று சிரித்தார்களாம். "பன்னிக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க" என்று நீ சொன்னதை இன்னும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போவாய். "பெரிய ரவுடி சாமி இவன். ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் உள்ள இருக்கோணும்" என்பாய்.

நான் சிரித்ததில்லை. குடியானவர் வீட்டு ஜம்பம் என்று உன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். பயிர்க் காவலுக்குக் கொடுத்த உரிமம். காட்டுப்பன்றியைச் சுட நமக்கு அனுமதி கிடையாது. வெறும் சத்தத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஆயுதம் என்று வாதாடுவேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். "டீச்சரம்மா, நீதான் ஒரு நாளைக்குக் குச்சிக்கிழங்குக் காட்டுல நின்னு பன்னிக்குப் பாடம் நடத்திப் பாரேன்" என்பாய்.

இந்த வருஷம் பன்றிகள் அதிகம். கிழக்குக் கடைசியில் மரவள்ளிக் கிழங்கு பாதி போய்விட்டது. பெரியப்பா மகன் தினமும் போன் செய்தார். "ஊட்டுல துப்பாக்கிய வெச்சுக்கிட்டு பன்னிக்குப் படையல் போடறியா கண்ணு?" பேரல் என்கிற குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் தேய்ந்து, துருவும் தின்றுவிட்டதால் அதை மாற்றியாக வேண்டும் என்று கடையில் முன்பே சொல்லியிருந்தார்கள். பழைய ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர் தோட்டாவும் இப்போது கிடைப்பதில்லை. அப்படியானால் பேரலோடு தோட்டாவையும் மாற்றிவிடலாம் என்றார் கடைக்காரர், இன்று துப்பாக்கியோடு போனபோது.

"தோட்டாவ உள்ள தள்ளிப் பூட்டற போல்ட்டத் தொட வேண்டியதில்லைங்க மேடம். தோட்டாவோட அடிப்பாகம் ரெண்டுலயும் ஒரே அளவு. தர்ட்டி நாட் சிக்ஸ் தோட்டா போட்டா சரக்குக்குப் பஞ்சமில்ல, நம்ம நாட்டுலயே செய்யறாங்க. உதை கம்மியா வேணும்னா டூ செவன்ட்டி ஃபைவ். தோளு நோகாது. ஆனா தோட்டாவுக்கு அலையோணும். எதுவானாலும் லைசென்ஸ்ல மாத்தி எழுதி வாங்கிட்டுத்தான் வேலைய ஆரம்பிப்போம். பன்னிக்குங்களா, சும்மா சத்தத்துக்குங்களா?"

"பன்னிக்குத்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு காகிதம் கேட்டு வாங்கினேன். அவரிடமிருந்த அட்டவணையைப் பார்த்து மூன்று தோட்டாக்களுக்கும் குண்டு போகும் பாதையை வரைந்தேன். பழையது கனமான குண்டு, மெதுவாகப் போய்ச் சீக்கிரம் தாழ்கிறது. தர்ட்டி நாட் சிக்ஸ் ஏறக்குறைய நேர்க்கோடாகப் போகிறது. கல்லூரியில் பாடம் எடுக்கும்போதுகூட இவ்வளவு ஆசையாக வரைந்ததில்லை. நம் வீட்டு வாசலிலிருந்து கிழக்கு வேலி வரைக்கும் தூரத்தைக் குறித்துக்கொண்டேன். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்தபோது தர்ட்டி நாட் சிக்ஸ்தான் என்று மனதுக்குள் முடிவாகியிருந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், அப்பாவின் துப்பாக்கியைவிடக் கூர்மையான ஒன்று எனக்குக் கிடைக்கப் போகிறது என்ற சந்தோஷம். வெட்கக்கேடு, ஆனால் சந்தோஷம்தான்.

சாயங்காலம் கவிதா வந்தாள். உனக்குத் தெரிந்தவள்தான், காலனியில் கிழக்குத் தெரு. என்னிடம் இயற்பியல் படித்தாள். இப்போது நாமக்கல்லில் கோழித்தீவன ஆய்வுக்கூடத்தில் வேலை. வீட்டின் முன் என் காரைப் பார்த்து ஸ்கூட்டியை நிறுத்தினாள். உட்காரச் சொன்னேன், வண்டியிலேயே சாய்ந்து நின்றாள். வாசலில் மேஜை மேல் கிடந்த காகிதத்தை எட்டிப் பார்த்தாள். நானும் பெருமையாக எடுத்து நீட்டினேன்.

வாங்கி, கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வேலி வரைக்கும் போனாள்.

"மேடம், குண்டு வேலிகிட்ட வந்ததும் நின்னுக்குங்களா?"

"ஏன்?"

"கோடு அங்கயே நின்னுருச்சுங்களே. ப்ராஜெக்டைல் பாடம் நீங்கதானே எங்களுக்கு எடுத்தீங்க? தரையில விழற வரைக்கும் வரையலைன்னா மார்க் போட மாட்டீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். காகிதம் வேலியோடு முடிந்துவிட்டது, அதனால் நானும் முடித்துவிட்டேன். வேலிக்கு அப்பால் மேடு கிடையாது, பாறை கிடையாது. கொல்லிமலை இருப்பது நமக்குப் பின்னால். முன்னால் சமதரை, அதற்குப் பிறகு அவர்கள் தெரு. இந்தக் குண்டுகள் மைல் கணக்கில் போகக்கூடியவை. மூன்று வளைவுகளை ஒப்பிட்ட எனக்கு, அவை எங்கே போய் முடியும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அங்கே வீடுகள் இருப்பது தெரியாமல் இல்லை. காலையிலிருந்து அவை என் கணக்கில் வரவே இல்லை, அவ்வளவுதான்.

"இனிமே மொட்டை மாடியில துணி காயப்போடப் போனா ஹெல்மெட் போட்டுட்டுத்தான் போகோணுமாட்ட இருக்குது" என்றாள். பிறகு உன்னைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கியது. "பெரியம்மா அப்படியெல்லாம் சுட மாட்டாங்க மேடம். கிழக்கு வேலி வரைக்கும் நடந்து வருவாங்க. எங்க தெருவுக்கு முதுகக் காட்டிட்டு நிப்பாங்க. அந்தப் பழைய கிணத்து மண்மேட்டப் பார்த்துத்தான் வெடிப்பாங்க. அதுக்கு முன்னாடி எங்க அத்தைக்கு ஒரு போன் வரும். 'கொழந்தைங்க பயந்துக்கப் போகுது, சொல்லிரு'ம்பாங்க."

அக்கா, எனக்கு இது தெரியாது. பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, வெடிச்சத்தம் கேட்டால் "ஆரம்பிச்சாச்சு" என்று முணுமுணுத்துக் காதைப் பொத்திக்கொண்டவள் நான். ஜம்பம் என்று நான் சொன்ன காரியத்துக்கு முன்னால் நீ அந்தக் காடு முழுக்க நடந்திருக்கிறாய். உன் வலது தோள் எப்போதும் கொஞ்சம் கன்றிப்போயிருக்கும். அதைக்கூடத் தண்ணீர்க் குடம் சுமந்து வந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

கவிதா கிளம்பும்போது, "எந்தத் தோட்டா போடப் போறீங்க மேடம்?" என்று கேட்டாள். "இன்னும் யோசிக்கவில்லை" என்று பொய் சொன்னேன். அவள் அதை நம்பவில்லை என்பதை அவள் ஸ்கூட்டியைக் கிளப்பிய விதத்திலேயே தெரிந்துகொண்டேன்.

நேற்று இதோடு எழுதுவதை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கடை திறக்கும் நேரத்துக்கு போன் செய்தேன். பேரல் வேண்டாம், துப்பாக்கியையே உங்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன், அதற்கு என்ன எழுதித் தர வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு மனம் வரவில்லை. "நல்ல மாஸர் துப்பாக்கிங்க மேடம், இப்படி ஒண்ணு இனிமே வருமுங்களா?" என்றார். வராது என்று எனக்கும் தெரியும் என்றேன். போனை வைத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், நான் கொஞ்சம் நல்லவளாகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் ஸ்கூட்டி சத்தம். வேலைக்குப் போகும் வழியில் கவிதா. கையில் ஓர் எவர்சில்வர் தட்டு, நடுவில் குழிந்து நெளிந்திருந்தது.

"ராத்திரி உங்க காட்டுல பன்னி பூந்துருச்சுங்க மேடம். நீங்க எந்திரிக்கல. எங்க தெருவே எந்திரிச்சு வந்து தட்டு, குண்டான், தகரம்னு அடிச்சுத் தொரத்துனோம். கடைசி நாலு பாத்தில கெழங்கு போச்சு, மிச்சம் தப்பிச்சுது. இது எங்க அத்தையோட தட்டு. பார்த்தீங்களா கோலத்தை? உங்ககிட்டப் புதுசு வாங்கிட்டு வரச் சொல்லிச் சண்டை."

துப்பாக்கி போகப் போவது அவர்களுக்குத் தெரியாது. அதற்குப் புதுத் தோட்டா போடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் வந்து அடித்திருக்கிறார்கள்.

"இன்றைக்கே புதுத் தட்டு வாங்கித் தருகிறேன்" என்றேன்.

"ஐயோ, சும்மா சொன்னேனுங்க. தட்டெல்லாம் வேண்டாம்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுக்குச் சாப்பிட வாங்க மேடம். அத்தை கூப்பிடச் சொன்னாங்க" என்றாள்.

நான் இதுவரை அந்தத் தெருவில் கை நனைத்ததில்லை. சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அக்கா. அந்தக் கொஞ்ச நேரம் முழுவதும் கவிதா நெளிந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.