வெள்ளித் தாயத்தில் மிதுனா

மார்க்கையன்கோட்டை
4.8.2024

அன்புத் தம்பி சுரேஷ்கண்ணனுக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் கடிதம். இத்துடன் மிதுனாவின் வெள்ளித் தாயத்தை அனுப்பியிருக்கிறேன். அவள் பிறந்தபோது விழுந்த தொப்புள்கொடி உள்ளே இருக்கிறது. ஆட்டினால் கடகடவென்று கேட்கும்.

நம் தோட்டத்துத் திசு வாழை, ஒரே குருத்தைக் கிள்ளி ஆயிரம் கன்று எடுத்தது என்று நீதானே சொன்னாய்? ஆயிரமும் ஒரே அச்சு. நீ செல் ஆய்வுக்கூடத்தில்தானே இருக்கிறாய். என் பிள்ளையையும் அப்படி எடுத்துக் கொடுடா. நானே சுமக்கிறேன், எனக்கு நாற்பத்தொன்றுதான்.

உன் மச்சான் அடுத்த மாதம் சுருளித் தீர்த்தத்தில் மிதுனாவுக்கு வருஷத் திதி கொடுக்க வேண்டும் என்கிறார். "வரப்போற பிள்ளைக்கு எதுக்குங்க திதி?" என்று கேட்டேன். அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

ஆசையுடன்,
அனுசுயா

பெங்களூர்
12.8.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

வாழைக்குருத்துக்கு உயிர் இருக்கிறது. இந்தக் கொடி காய்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரேயொரு ஆட்டுக்குட்டியை இப்படிப் பிறக்க வைக்கவே முன்பு இருநூற்று எழுபத்தேழு கருமுட்டை ஆனது. மனிதரில் செய்ய விதியும் இடம் கொடுக்காது.

அப்படியே நடந்தாலும் வருகிறவள் மிதுனா இல்லை. அதே முகத்தோடு வேறொரு பிள்ளை. பாவம், அவளையும் நீ மிதுனா என்றே கூப்பிடுவாய். மிதுனாவுக்கு வந்த இதய நோய் பரம்பரை நோய் என்று டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாயா? அதே உடம்பு வந்தால் அதே நோயும் வரும். திதியைக் கொடுத்துவிடு அக்கா.

உன் தம்பி,
சுரேஷ்

மார்க்கையன்கோட்டை
19.8.2024

அன்புத் தம்பிக்கு,

நோய் வந்தால் வரட்டும், அந்தப் பதினோரு வருஷம் போதும் எனக்கு என்றுதான் முதலில் எழுதினேன். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த சோணையம்மாளிடம் சொன்னேன். "ரெண்டாவது வாட்டியும் அந்தப் பிள்ள நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுறதப் பாப்பியா ஆத்தா?" என்று கேட்டாள்.

விடு. தாயத்தை மட்டும் அனுப்பிவிடு. அவள் உடம்பில் மிஞ்சியது அது ஒன்றுதான். அது என் கழுத்தில் கிடந்தால் சுருளிக்கு வருகிறேன் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா

பெங்களூர்
27.8.2024

அக்கா,

முடியாது என்று உனக்கு எழுதிய அன்றே கொடியில் பாதியை வெட்டி ஊட்டத் திரவத்தில் போட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நானும் அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவன்தானே. ஒரு செல்கூட அசையவில்லை. மீதியையும் போட்டேன். அதில் பூஞ்சை பிடித்துவிட்டது. இங்குள்ள விதிப்படி எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள்.

வெறும் தாயத்தை அனுப்பியிருக்கிறேன். போன் பண்ணி வாய் நிறையத் திட்டு அக்கா.

சுரேஷ்

மார்க்கையன்கோட்டை
3.9.2024

தம்பிக்கு,

தாயத்து வந்தது. காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தேன்.

ஒன்றும் தெரியாதவள் நான், ஆசைப்பட்டுவிட்டேன். எல்லாம் தெரிந்த நீ ஏன்டா செய்தாய்? என் பிள்ளையை இரண்டாம் முறையும் எரித்தாயிற்று.

நாளை சுருளிக்குப் போகிறோம். நீ வர வேண்டாம்.

அனுசுயா