ஆறு கிரெயின்

மார்ச் 4, செவ்வாய்

பனி இன்னும் ஜன்னல் உயரத்துக்குக் கிடக்கிறது. கீழ்த்தளத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இந்த சீசனின் முதல் நூறு தோட்டாக்களைச் செய்து முடித்தேன். எனக்கு ஐம்பது, சிநேகிதி பெர்னிக்கு ஐம்பது. போன வருடம் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப் பொருத்தி, பலகைக் குழிகளில் ஐம்பது ஐம்பதாக நிறுத்தி, மருந்து அளக்கும் கருவியின் பிடியைக் கூட்டுக்கு ஒரு இழுப்பு. ஒரு இழுப்புக்கு ஆறு கிரெயின் வெடிமருந்து விழும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்துக் கடையில் ஆஸ்பிரினையே கிரெயின் கணக்கில்தான் எழுதுவோம், ஐந்து கிரெயின் என்று. ஆறு கிரெயின் ஒரு சிட்டிகைகூட இருக்காது. அந்த உயரமான கூட்டின் அடியில் எங்கேயோ கிடக்கும். இரண்டு தடவை விழுந்தாலும் மேலே குண்டை வைத்து அழுத்திவிட்டால் யாருக்கும் தெரியாது, சுடும்போது துப்பாக்கி வெடித்தால்தான் தெரியும். அதனால்தான் இந்த வேலையைக் கண்டவர்களை நம்பி விடக் கூடாது என்கிறேன்.

இரண்டாவது பலகையின் நடுவில் பெர்னியின் போன். அவள் நாய் பக்கத்து வீட்டுக்காரரின் மீன் வாளியைக் கவிழ்த்துவிட்டு, வாளிக்குள் தலை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடிய கதை. அவள் சொன்னால் எதுவும் இருபது நிமிடம். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

மார்ச் 6, வியாழன்

பெர்னி வந்து தன் ஐம்பதை வாங்கிக்கொண்டு போனாள். காட்டரிசி சூப் கொண்டுவந்திருந்தாள். உப்பு அதிகம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று மேசையைத் துடைக்கும்போது மிச்ச மருந்தை நிறுத்துப் பார்த்தேன். எழுநூறு கிரெயின் கொட்டி ஆரம்பித்தேன். நூறு தோட்டாவுக்கு அறுநூறு போக நூறு மிஞ்ச வேண்டும். தொண்ணூற்று நான்கு இருக்கிறது.

ஆறு குறைகிறது. சரியாக ஆறு.

ஒவ்வொரு இழுப்பிலும் மயிரிழை கூடக் குறைய விழுந்திருக்கலாம். நூறு இழுப்பில் அது ஆறு கிரெயின் ஆவது பெரிய அதிசயம் இல்லை. தரையில் சிந்தியிருக்கலாம். தராசுப் பக்கத்தில் ஹீட்டர் காற்று வேறு.

போன் வந்தபோது எந்தக் கூட்டில் நின்றேன்? போனை வைத்துவிட்டு வந்து அதே கூட்டில் இன்னொரு முறை இழுத்தேனா?

குண்டு வைப்பதற்கு முன் பலகை முழுவதும் டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கம். முதல் பலகைக்குப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவதற்கு நினைவில்லை.

மார்ச் 10, திங்கள்

வேலை நடுவில் கவனம் கலைந்தால் பலகையில் உள்ள எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துப்பாக்கி கிளப்பில் வருடா வருடம் புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

மார்ச் 15, சனி

என் பங்கு ஐம்பதையும் இன்று உடைத்தேன். முழுத் தோட்டாவை நிறுத்துப் பார்த்துப் பயனில்லை. கூடுகள் பல கம்பெனிக்காரர்களுடையவை, ஒன்றுக்கொன்று எடையே சேராது. சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு. அதற்குள் தோட்டாவைப் போட்டுத் தரையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று மருந்து கொட்டும். ஒவ்வொன்றாக அடித்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஆறு. ஆறு. ஆறு. ஐந்து புள்ளி ஒன்பது. ஆறு.

நாற்பதைத் தாண்டிய பிறகு பன்னிரண்டு வந்துவிடாதா என்று ஏங்கினேன். வரவில்லை. ஐம்பதும் ஒழுங்கு.

நூற்றையும் ஒரே தட்டில் கொட்டித்தான் இரண்டு பெட்டியாகப் பிரித்தேன். அப்படியொன்று இருந்தால் அது அவளிடம் இருக்கிறது.

இப்போதே போன் செய்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் என்னவென்று சொல்வேன்? போன அக்டோபரில் அவள் செய்த தோட்டா ஒன்றில் மருந்தே இல்லாமல் குண்டு குழலில் சிக்கிக்கொண்டது. கிளப் விருந்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, இவள் இனிமேல் தோட்டா பக்கமே போகக் கூடாது, நான் செய்து தருகிறேன் என்று சொன்னவள் நான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. மறுநாள் தன் கருவி முழுவதையும் கொண்டுவந்து என் கீழ்த்தளத்தில் இறக்கிவிட்டுப் போனாள். இன்னும் அந்த மூலையில்தான் இருக்கிறது.

முப்பத்து நான்கு வருடம் மருந்துக் கடையில் நின்றேன். ஒரே ஒரு முறை மாத்திரை மாறியது. ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் தெரியாது.

மார்ச் 22, சனி

கிளப் கூடத்தில் போட்டி. இந்த வருடம் பாதுகாப்பு அதிகாரி நான். சுடுபவர்களுக்குப் பின்னால் விசிலோடு நிற்க வேண்டும்.

பெர்னி என் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டாள். ஆறு ஆறாக ஐந்து முறை. முப்பது. அவளுடைய ரிவால்வர் புதியது, கனத்தது, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் விசில் வாய் வரை போயிற்று. பக்கத்தில் ஜெரால்ட் நின்றுகொண்டிருந்தான். அவன் கிளப் தலைவர். ஒருத்தர் சறுக்கினால் பத்து வருடத்துக்குப் பேசிக்கொண்டிருப்பான். நான் ஊதவில்லை.

அவள் முதலிடம். திரும்பி என்னைப் பார்த்தவள், "என்னடீ, நான் ஜெயிச்சதுக்கு உனக்கு மூஞ்சி வெளுத்துக் கெடக்கு" என்றாள்.

முப்பதும் நல்லபடியாக வெடித்தன. நான் ஊதவில்லை என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

பெர்னி வீட்டுக்குப் போனேன். மருந்தின் அளவை மாற்றப்போகிறேன், மிச்சத்தைக் கொடு, புதிதாகச் செய்து தருகிறேன் என்று சொன்னேன். ஏன் என்றுகூட அவள் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். பதினான்கு இருந்தது.

"இருபது இருக்கணுமே?"

"ஆறு எங்கப்பாவோட துப்பாக்கில கெடக்கு. சும்மா போட்டு வச்சேன். மாத்திரை எண்ணுன கை உனக்கு இன்னும் நிக்கலடீ."

அவள் அப்பாவின் ரிவால்வரை எனக்குத் தெரியும். அவர் பிறப்பதற்கு முன்னால் செய்தது. அதைக் கொண்டா, நானே காலி செய்கிறேன் என்றேன். மீன்பிடிச் சாமானோடு எங்கேயோ வைத்திருக்கிறாளாம், பிறகு தேடித் தருகிறேன் என்றாள். அதற்குமேல் அழுத்திக் கேட்டிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

மார்ச் 25, செவ்வாய்

பதினான்கும் ஒழுங்கு.

ஏப்ரல் 2, புதன்

கடையில் பெர்னியைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக அந்த ஆறைப் பற்றிக் கேட்டேன். "அதையா? சுட்டுத் தீத்துட்டேன்னு நெனக்கிறேன்" என்றாள். நினைக்கிறாளாம். ஆனாலும் வண்டியில் வந்து உட்கார்ந்ததும் உடம்பு லேசாகிவிட்டது. வீடு வரை பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பெர்னி வீட்டில் சாப்பாடு. பன்றித் தொடை, வால்நட் ரொட்டி. ஏரியில் பனிக்கட்டி கருத்துவிட்டது, இன்னும் பத்து நாளில் உடையும். மீன் சாமான் பெட்டி கார் ஷெட்டில் மேல் தட்டில் இருந்தது. பார்த்தேன். அவள் கணவர் ரே கூடவே நின்றிருந்தார். பெட்டியை இறக்கச் சொல்ல ஒரு காரணம் யோசித்தேன், கிடைக்கவில்லை. சுட்டுத் தீர்த்துவிட்டதாகத்தான் அவளே சொன்னாளே.

அந்த ஆறு கிரெயின் தராசுக் கோளாறுதான். இனி இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

மே 10, சனி

மீன்பிடி சீசன் இன்று தொடங்கியது. பெர்னியின் மகள் ஷெல்பி டுலூத்திலிருந்து வந்திருக்கிறாள். அங்கே சலூனில் முடி வெட்டுகிறாள், சொந்தமாகத் தொழில் செய்ய அங்கேயே ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்துவிட்டாளாம். ஏரிக் கரையில் என்னைப் பிடித்து நிறுத்தி, என் தலையைப் பார்த்துச் சலித்துக்கொண்டு, ரேயின் மீன் கத்தரியாலேயே பின்பக்கம் சரி செய்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது. நாளை அன்னையர் தினம். அம்மாவும் பெண்ணும் கிளப்புக்கு வருகிறார்களாம்.

மே 11, ஞாயிறு

என்னால முடியல. எழுதித்தான் ஆகணும்.

வெளி மைதானத்துல இன்னிக்கு நான்தான் பொறுப்பு. அவங்க கடைசி மேடையில நின்னாங்க, என்கிட்டேயிருந்து ஒரு இருபது அடி. பெர்னி பையிலேர்ந்து அந்தப் பழைய ரிவால்வரை எடுத்தா. நேத்து மீன் பெட்டியில கெடச்சுதாம். "தாத்தாவோடது, ஆறு போட்டபடியே இருக்கு, நீயே சுடு"ன்னு பொண்ணு கையில குடுத்தா. எனக்கு நல்லாக் காதுல விழுந்துச்சு.

நிறுத்துன்னு ஒரு வார்த்தை. யார் கத்தினாலும் எல்லாரும் நிறுத்தணும், அதுதானே சட்டம். விசில் கழுத்துலயே தொங்குது.

முதல் குண்டு. நான் நடக்க ஆரம்பிச்சேன். ஓடல, நடந்தேன். ஓடினா ஏன் ஓடினேன்னு கேப்பாங்கன்னு அப்பவும் தோணுச்சு. அப்பவும்! ரெண்டாவது. மூணாவது. இன்னும் மூணுதான், ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன்.

நாலாவது சத்தம் வேற மாதிரி இருந்துச்சு.

ஷெல்பி கத்தவே இல்ல. இடது கையைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, துப்பாக்கிய உடைச்சுட்டேன்"னு சொன்னா.

மே 12, திங்கள்

கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. இடது கைப் பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. ஆள்காட்டி விரல் மடங்காது என்கிறார்கள்.

மே 17, சனி

கிளப் கமிட்டி கூடியது. துப்பாக்கியின் துண்டுகளை வெள்ளைத் துணியில் பரப்பி வைத்திருந்தார்கள். சிலிண்டரின் மேல் பாதி இல்லை. நூறு வருட இரும்பு, உள்ளே விரிசல் இருந்திருக்கும் என்றான் ஜெரால்ட். அதில் சுட்ட தோட்டா எது என்று யாரோ கேட்டார்கள்.

நான் வாயைத் திறக்கும் முன் பெர்னி எழுந்துவிட்டாள். ஒரு வாரத்தில் பாதி ஆளாகியிருந்தாள். "தோட்டா நம்ம மாரிட் செஞ்சது. அதுல யாரும் கை வைக்காதீங்க. பழைய துப்பாக்கிய புள்ள கையில குடுத்தது நான்" என்றாள்.

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. கேள்வியோடு இல்லை, மரியாதையோடு. கேட்ட ஆள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அறிக்கையை நான் எழுத வேண்டும், பாதுகாப்பு அதிகாரி நான்தான். பழைய உலோகத்தின் பலவீனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நேராகத்தான் வந்தது.

மே 18, ஞாயிறு

மிச்ச மருந்து தொண்ணூற்று நான்கு கிரெயினையும் தோட்டத்தில் கொட்டினேன்.

ஜூன் 9, திங்கள்

பெர்னி பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையை விட்டுவிட்டாள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகத் தனக்குத் தகுதியில்லை என்றாளாம். கார் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே இருக்கிறாள் என்று ரே சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. ஷெட்டிலும் வீட்டிலும் இருந்த துப்பாக்கி எல்லாவற்றையும் அவர் தன் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவளைப் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வாரம் முடியாது.

ஜூன் 30, திங்கள்

ஷெல்பி போன் செய்தாள். சலூன் நாற்காலியை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாளாம். அதை வானிலை சொல்வது மாதிரி சொன்னாள். அவள் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான்.

"அவங்க தப்பு இல்லன்னு நான் சொன்னா அம்மா நம்ப மாட்டேங்கிறாங்க ஆன்ட்டி. சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனக்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. உங்களுக்குத் துப்பாக்கி தெரியும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

இந்த முறை சொல்லிவிடப்போகிறேன். முழுவதையும். பெர்னி என்னை அடிக்கட்டும், ஊர் காறித் துப்பட்டும். சனிக்கிழமை போகிறேன்.

ஜூலை 5, சனி

போனேன். ஷெட் கதவு பாதி திறந்திருந்தது. பெர்னி நான் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். உன் தப்பு இல்லை, என் தப்பு. அவ்வளவுதான், ஐந்தே ஐந்து சொல்.

"உன் தப்பு இல்லடீ பெர்னி" என்றேன்.

மீதியைச் சொல்ல மூச்சை இழுத்தேன். அதற்குள் அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. என் கை தானாக அவள் முதுகைத் தடவியது. மீதி இரண்டு சொல்லும் தொண்டையிலேயே நின்றன. பிறகு அங்கேயும் இல்லை.

வெகு நேரம் கழித்து நிமிர்ந்து மூக்கைத் துடைத்தாள். நீ சொன்ன பிறகுதான் நெஞ்சில் காற்று இறங்குகிறது என்று சொல்லி என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். ரே காபியும் ரொட்டியும் கொண்டுவந்தார். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். ரே வாசலிலிருந்து என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

கிளம்பும்போது வண்டி வரைக்கும் கூட வந்தாள். இலையுதிர்காலத்தில் திரும்பக் கிளப்புக்கு வந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். பயமாகத்தான் இருக்கிறதாம்.

"வந்தா ஒண்ணு மட்டும்டீ" என்றாள். "தோட்டா நீதான் செஞ்சு தரணும். வேற யாரு செஞ்சதையும் இனி நான் போட மாட்டேன்."

எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.

ஐம்பது போதும் என்றாள்.