வேப்பமரத்தடியில் நிற்கும் நீல வண்டி

அம்மையார் துணை

கோவில்பத்து,
காரைக்கால்.
புரட்டாசி, வியாழக்கிழமை

என் கண்ணு சந்திரலேகாவுக்குப் பெரியம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயித்துல இருக்கிற தங்கமும் ஜாம்நகர்ல ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு தினம் விளக்கு ஏத்துறப்ப கயிலாசநாதர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வச்சிக்கிட்டிருக்கேன். இங்க நானும் பெரியப்பாவும் உன் தம்பி நிலவனும் அவர் புண்ணியத்துல நல்லா இருக்கோம், பெரியப்பாவுக்கு முட்டி வலி மட்டும் மழைக்கு முன்னாடியே வந்து உக்காந்துக்கிச்சு. போன்ல சொல்லக் கூடாதா, கடுதாசி எதுக்குன்னு நீ நினைப்பே. போன்ல எங்க சொல்றது, உன்கூட நான் பேச ஆரம்பிச்சாலே நிலவன் ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் பக்கத்துல வந்து உக்காந்துக்கிறான். இது அவனைப் பத்தின சமாச்சாரம். அதான் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கூரியர்ல போடுறப்ப டப்பாவுக்கு அடியில இதை மடிச்சு வச்சிருக்கேன், எண்ணெய் பட்டிருந்தா துடைச்சிட்டுப் படி.

உன் தம்பி பேண்டு பேண்டுன்னு அலையிறது உனக்குத் தெரிஞ்சதுதான். அவன் கிட்டார், திருமலைராயன்பட்டினத்துப் பையன் அஸ்கர் டிரம்ஸ், இன்னும் ரெண்டு பேரு. கல்யாணம், கோயில் விசேஷம்னு எங்கயாவது கச்சேரி வந்துக்கிட்டேதான் இருக்கு, அதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சாமான்தான் பெரும்பாடு. டிரம்ஸு, கீபோர்டு, ஆள் ஒசரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, ஒயரே ஒரு மூட்டை, எல்லாம் நம்ம வீட்டுக் கூடத்துலதான் கெடக்கு. நம்ம சந்துக்குள்ள லோடு ஆட்டோ வராது, போற எடத்துலயும் மெயின் ரோட்டோட எறக்கி விட்டுட்டு ஓடிப்போயிடுறான். போன மாசம் கடற்கரைப் பக்கம் கச்சேரி, மணல்ல பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்ததுல அஸ்கருக்குத் தோள் பெசகிப்போச்சு. டிரம்ஸ் அடிக்கிறவனுக்குத் தோள் போனா அப்புறம் அவன் என்னத்தை அடிக்கிறது. சரி, தள்ளிக்கிட்டுப் போற மாதிரி ஒரு வண்டி பாக்கலாம்னு அவனுங்களே பேசி முடிவு பண்ணினானுங்க, நானும் நல்லதுதானேன்னு சும்மா இருந்தேன்.

மொதல்ல ஆன்லைன்ல ஒரு மடக்கு டிராலி வந்துச்சு. அட்டைப்பெட்டி மேல ஒரு வெள்ளைக்காரன் ஒத்தைக் கையால மலை மாதிரி சாமானை இழுத்துக்கிட்டுச் சிரிக்கிறான், அவன் சிரிப்பே எனக்குச் சரியாப் படல. பெரியப்பா சக்கரத்தைத் தட்டிப் பாத்துட்டு இது ஏர்போர்ட்டுல ஓடும்டா, கோவில்பத்துல ஓடாதுன்னாங்க. சொன்ன மாதிரியே முக்கு திரும்புறதுக்குள்ள மண்ணுல சக்கரம் பொதைஞ்சு கீபோர்டு சாக்கடைப் பக்கம் சரிஞ்சுது, மறுநாளே திருப்பி அனுப்பியாச்சு. அப்புறம் கருக்களாச்சேரியிலேர்ந்து மீன் ஏத்துற மூணு சக்கர வண்டி ஒண்ணு. விக்க வந்த அம்மா, கழுவுனா வாசனை போயிடும்ங்கன்னு தானே மூக்கைப் பொத்திக்கிட்டுச் சொல்லுது. சீயக்காய் போட்டு, புளி போட்டு, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சோம், தெருப் பூனை அத்தனையும் வாசல்ல வந்து வரிசையா உக்காந்துடுச்சு. புரட்டாசி மாசத்துல நம்ம வீட்டு வாசல்ல அதை நிறுத்துறதா, எடுத்துக்கிட்டுப் போ தாயின்னு அனுப்பிட்டேன்.

மூணாவதா வந்ததுதான் இந்த நீல வண்டி. பட்டினத்துல கருப்பையன்னு ஒருத்தர் வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு, அஸ்கர் வீட்டுக்குப் பக்கம். அவர்கிட்ட புத்தம் புது வண்டி ஒண்ணு தயாரா நின்னுச்சாம், காத்தடிக்கிற டயரு, பெரியப்பா நேரா போய்ப் பாத்துட்டு அதையே எடுன்னு சொல்லிட்டு வந்தாங்க. இவன் அதை விட்டுட்டு, ஓரத்துல கெடந்த பழைய வண்டியைத்தான் எடுப்பேன்னு நின்னு எடுத்துக்கிட்டு வந்துட்டான். அதுவும் சனிக்கிழமை! திருநள்ளாறு கூப்புடு தூரத்துல இருக்கு, சனிக்கிழமை யாராவது இரும்பு வாங்குவாங்களா? ஏண்டா இப்படின்னா, சனீஸ்வரனுக்கு வார லீவு கெடையாதா பெரியம்மான்னு கேக்குறான். அவன் வாய் உனக்குத் தெரியாதா. சாமின்னா ஒரு கேலி, விரதம்னா ஒரு கேலி.

எனக்கு அன்னைக்கே உறுத்திடுச்சு. புது வண்டியை விட்டுட்டுப் பழசுக்கு ஒருத்தன் ஏன் ஒத்தைக் காலுல நிக்கணும்? நீலப் பெயின்ட் அப்பத்தான் அடிச்சிருக்கு, எதையோ மறைக்கத்தானே அடிப்பாங்க? நாலு மூலையிலயும் கம்பு சொருவுற மாதிரி குழாய், ரெண்டு பக்கமும் வளையம் வளையமா. பூ குடுக்க வந்த பூவாயி அதைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, பலகை இடுக்குல விரலை விட்டு எதையோ நோண்டி எடுத்தா. காஞ்ச சாமந்திப்பூ. இன்னும் நோண்டினா சில்லறைக் காசு. எக்கா, பூவும் காசும் இறைச்சுக்கிட்டுப் போற வண்டி எந்த வண்டின்னு உனக்குத் தெரியாதான்னு என் காதுல சொல்லிட்டுப் போயிட்டா. கையால எழுதவே கூடாது, இருந்தாலும் சொல்றேன், சாவு வண்டியோன்னு நினைச்சிட்டேன். நீளம் சரியா இருக்கான்னு பாக்கணுமேன்னு பெரியப்பாவைக் கூப்பிட்டு, என்னங்க, இதுல கொஞ்சம் கால் நீட்டிப் படுங்கன்னேன். அவங்களும் பாவம், முட்டி வலிக்கு வைத்தியம்னு நினைச்சுக்கிட்டுப் படுத்துட்டாங்க. தலை முதல் கால் வரைக்கும் அளவெடுத்த மாதிரி இருக்கு! அப்பத்தான் நான் என்ன காரியம் பண்ணேன்னு உறைச்சுது. எழுந்திரிங்க எழுந்திரிங்கன்னு கத்தின கத்துல எதிர் வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. அன்னைக்கு அவங்களுக்கு மூணு தடவை தலைக்குத் தண்ணி ஊத்தி, திருநள்ளாறுக்குப் போய் எள்ளு விளக்கு போட்டுட்டு வந்தேன். அவங்க ரெண்டு நாள் என்கூட முகம் குடுத்துப் பேசல.

யாரு வண்டிடா இதுன்னு நிலவன்கிட்ட கேட்டா காய்கறி வண்டிங்கிறான். அஸ்கரைக் கேட்டா ஐஸ் வண்டி பெரியம்மாங்கிறான். ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிறானுங்க. காய்கறிக்காரன் சாமந்திப்பூவையா வித்தான்? அதே வாரம் பூஜை அலமாரியில இருந்த மஞ்சள் நூல்கண்டு வேற காணோம். பூ கட்டுறவளுக்கு நூல் தேவைதானேன்னு பூவாயி மேல ஒரு கண் வச்சேன். அடுப்படியில துணி குறையுது, அஸ்கர் வந்தா வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிறான், கேட்டா நட்டு முடுக்குறானாம். எதுவுமே எனக்கு நல்லதாத் தெரியல கண்ணு. வண்டி வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொல்லி வெளிய வேப்பமரத்தடியில நிறுத்திட்டேன். மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிது. உன் தம்பி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சிட்டு, அது பாட்டுக்கு ஓரமா நின்னுட்டுப் போவுது பெரியம்மா, உன்னை என்ன பண்ணுச்சுன்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் இல்லடா, உங்க அக்கா ஐப்பசியில வளைகாப்புக்கு இந்த வாசல்லதான் கால் வைக்கப் போறா, வர்ற எடத்துல அது நிக்கக் கூடாதுன்னேன். அவன் என்னமோ சொல்ல வாயெடுத்தான், அப்புறம் எழுந்து போயிட்டான்.

போன தடவை நடந்ததை நான் வாய் தொறந்து சொல்ல மாட்டேன், நீயும் நினைக்காத. ஆனா அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தியே, அது என் கண்ணுலேயே நிக்கிது. உங்கம்மா இருந்திருந்தா அவ பாத்துக்கிட்டிருப்பா, அவ இடத்துல என்னை வச்சிட்டுப் போயிட்டா. இந்தத் தடவை ஒரு தும்மல் சத்தம் கேட்டாக்கூட எனக்குப் பதறுது. ஒரு வண்டிக்குப் போய் இவ்வளவாடீன்னு பெரியப்பா கேட்டாங்க. ஆமா, இவ்வளவுதான்.

திங்கக்கிழமை பஸ் ஏறிப் பட்டினத்துக்கே போயிட்டேன். கருப்பையன் கண்ணாடியைக் கழட்டிட்டு, வாங்கம்மா, நீங்க ஒரு நாள் வருவீங்கன்னு பையன் சொல்லிச்சுன்னாரு. என்ன வண்டிங்க அதுன்னேன். காய்கறி வண்டிம்மான்னாரு. உங்க தொழில் மேல சத்தியம் பண்ணுங்கன்னு வெல்டிங் மிஷினைக் காட்டினேன். அவரு மிஷினைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு, தலையைச் சொறியிறாரு. கடைசியில, உங்க புள்ளதாம்மா சொல்லக் கூடாதுன்னுச்சுன்னு ஆரம்பிச்சாரு. ஆவணியில காவித் துணி கட்டிக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போவாங்கல்ல, அதுல ஒரு கூட்டம் மாதா சொரூபம் வச்சுத் தள்ளிக்கிட்டு வந்த வண்டியாம். குழாய் பந்தல் போடுறதுக்கு, வளையம் மாலை கட்டுறதுக்கு, காசு வழியில சனங்க போட்ட காணிக்கை. இந்தத் தடவை திரும்பிப் போறப்ப பஸ்ஸுல போனதால இவர்கிட்ட வண்டியைக் குடுத்துட்டுப் போயிட்டாங்களாம். அதுல ஒரு பொண்ணு, போன வருஷம் புள்ள வரம் வேண்டி வண்டிக்கு அடியில தொட்டில் கட்டிக்கிட்டு நடந்து வந்துச்சும்மா, இந்த வருஷம் அந்தப் பலகையிலேயே புள்ளையைப் படுக்க வச்சுத் தள்ளிக்கிட்டு வந்துச்சுன்னாரு. சும்மா பேச்சுக்குத்தாம்மா உங்க புள்ளைகிட்ட இதைச் சொன்னேன், அதுக்கப்புறம் அது புது வண்டி பக்கம் திரும்பியே பாக்கலன்னாரு.

நான் நம்பல. மொதல்ல காய்கறின்னவரு அடுத்து மாதான்னா எப்படி நம்புறது, விக்கிறவங்க வாயில எது வராது? வீட்டுக்கு வந்தப்ப நல்ல வெயில், பசங்க யாரும் இல்ல. புடவையை இடுப்புல சொருவிக்கிட்டு வேப்பமரத்தடியில குனிஞ்சு வண்டிக்கு அடியில தலையை விட்டேன். அச்சுக்குப் பக்கத்துல, மழை படாத எடமாப் பாத்து ஒரு தொட்டில் கட்டியிருக்கு. விரல் நீளம்தான். பழைய தொட்டில் இல்லடி. நூலு என் பூஜை அலமாரி நூலு. துணி உன் தம்பியோட கட்டம் போட்ட பழைய சட்டை, நான் கிழிச்சு அடுப்படியில போட்டிருந்தேனே அது. குறுக்குக் கம்பு அஸ்கர் அடிச்சு ஒடைச்ச டிரம்ஸ் குச்சி, அவன் சுத்தி வைக்கிற செவப்பு டேப்பு அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு.

என்னை ஏமாத்த வச்சிருக்கானுங்களோன்னுதான் எனக்கு மொதல்ல தோணிச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஏமாத்துறவன் என் கண்ணுல படுற எடத்துலதானே கட்டுவான். இது யாரும் பாக்கக் கூடாதுன்னு கட்டினது. சாமி கேலி, விரதம் கேலின்னு பேசுறவன், அக்காவுக்காகன்னு ஒருத்தர்கிட்டயும் வாயைத் தொறக்காம, கச்சேரி சாமானுக்கு அடியில கட்டித் தள்ளிக்கிட்டுத் திரியிறான். கூட அந்த அஸ்கரும். எவ்வளவு நேரம் அந்த மண்ணுலேயே உக்காந்திருந்தேன்னு தெரியல, பூவாயி வந்து, எக்கா மயக்கமான்னு கேட்டா. முட்டி புடிச்சுக்கிச்சு, தூக்கிவிடுன்னேன். அவ மேல நூலுக்குச் சந்தேகப்பட்டதுக்கு அன்னைக்கு ரெண்டு முழம் கூட வாங்கிக்கிட்டேன்.

சாயந்தரம் நிலவன்கிட்ட, மழை வர்ற மாதிரி இருக்குடா, வண்டியை உள்ள கொண்டாந்து நிறுத்துன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். உடனே அவனுங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. அஸ்கர் என்னைக் கீழேர்ந்து மேல பாக்குறான், நிலவன் என் நெத்தியைத் தொட்டுப் பாக்குறான். இன்னும் கொண்டாந்து நிறுத்தல, நான் என்னமோ திட்டம் போடுறேன்னு நினைச்சுக்கிட்டு மரத்தடியிலேயே விட்டு வச்சிருக்கானுங்க. நான் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கல. காட்டிக்கிட்டா வெக்கப்பட்டு அவுத்துடுவான்.

நீ தண்ணிக் குடத்தைத் தூக்காத, சுகர் டெஸ்ட்டை மறக்காம எடு, ரயில்ல கீழ் பெர்த்துதானான்னு மாப்பிள்ளையை ரெண்டு தடவை பாக்கச் சொல்லு, எதுத்தாப்புல இருக்கிறவங்க என்ன சாப்பிடக் குடுத்தாலும் வாங்காத. அம்மையார் உன்னையும் உன் வயித்தையும் காபந்து பண்ணி நல்லபடியா கொண்டாந்து என் மடியில சேக்கட்டும், நீ தீர்க்காயுசா, நெறஞ்ச மஞ்சக் குங்குமத்தோட இருக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க. காரைக்கால் ஸ்டேஷனுக்கு உன் பெட்டியை ஏத்த அவன் அந்த நீல வண்டியைத்தான் தள்ளிக்கிட்டு வருவான். இது என்னடா வண்டின்னு நீ கேக்கணும், அவன் காய்கறி வண்டிம்பான், சரின்னு நம்பிக்க.

இப்படிக்கு,
உன் வரவைப் பாத்துக்கிட்டிருக்கிற பெரியம்மா,
பங்கஜவல்லி