பேச்சாளர் பிடிக்கிற வேலை

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைய சிறப்புப் பேச்சாளர் டத்தோ அர்ச்சுனன், சுல்தான் கையால் அந்தப் பட்டம் வாங்கியவர். தலைப்பு, 'எழுந்து நில்!' கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கால் வராது.

ஜொகூரில் பக்கவாதம் வந்தவர்களின் குடும்பங்கள் மாதம் ஒருமுறை இணையத்தில் கூடுகிறோம். பேச்சாளரைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. நான் பிடித்த ஆளை வேண்டாம் என்பது தலைவர் கமலநாதன் சாரின் வேலை. டத்தோ தாம் முன்னேறிய கதையை ஆதியிலிருந்து சொன்னார். கடைசியில் தம் கம்பெனியின் சத்து மாவுக்கு வந்து சேர்ந்தார். கை விரல் மடங்க என்ன செய்வது என்று வாசுகி கேட்டதற்கு, "பாசிட்டிவா நினைங்க லா" என்றார். அடடா, இது தெரியாமல் போயிற்றே எங்களுக்கு!

மார்கஸ் என் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போன ஆகஸ்டில் விழுந்தவர். அதிலிருந்து என் புருஷன் வாயில் ஒரு சொல் இல்லை, கிறிஸ்டின் என்று என் பெயர்கூட. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி மலாயில் நடக்கிறது. செனாய் தொழிற்சாலையில் மலாய் பேசியவர்தான். ஆனால் வீட்டில் என்னோடு பேசியது தமிழ். அது திரும்பி வருமா, வராதா? இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். டத்தோக்களை வைத்து நான் என்ன செய்ய?

பிப்ரவரி 12

அடுத்த மாதம் எண்கணித நிபுணராம். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் நாக்கு புரளுமாம். கமலநாதன் சார் இதைச் சிரிக்காமல் சொன்னார்.

பிப்ரவரி 20

ஆள் கிடைத்துவிட்டாள்! லோஷினி. பேச்சுப் பயிற்சியாளர். வீடு கெலாங் பாத்தா, வேலை சிங்கப்பூரில். தமிழில் பயிற்சி கொடுக்கிறாள். மார்ச் கூட்டத்துக்கு வருகிறேன் என்றாள், அண்ணனைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பார்க்கிறேன் என்றாள்.

கமலநாதன் சாரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பட்டம் எதுவும் இல்லையா தங்கச்சி? சும்மா ஆளுக்குப் பொன்னாடை போட்டா நல்லாவா இருக்கும்?"

பல்லைக் கடித்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்கும் சார் என்றேன். அரை மனதோடு எண்கணிதக்காரரை விட்டுக்கொடுத்தார்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

தவக்காலம் முடியும்வரை யாரையும் இகழாதீர்கள் என்றார் ஃபாதர். அவர் எங்கள் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

கடவுள் வாழ்த்து. வரவேற்புரை. தலைவர் உரை. தலைவர் உரைக்கு நன்றி உரை. லோஷினி திரையின் ஒரு மூலையில் பொறுமையாகக் காத்திருந்தாள். இடைஞ்சல் வரக் கூடாதென்று கமலநாதன் சார் எல்லாருடைய மைக்கையும் மூடிவிட்டுத் தம் முகத்தை மட்டும் பெரிதாக வைத்திருந்தார். அடுத்து, "பொன்னாடை அணிவித்துக் கௌரவிக்கிறேன்" என்று ஜரிகைத் துணியை விரித்து, தம் மடிக்கணினிக்கே போர்த்திவிட்டார்.

மடிக்கணினிக்கு!

திரை இருண்டது. துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது. "தெரியுதா? எல்லாருக்கும் தெரியுதா?" ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல யாருக்கும் மைக் இல்லை. துணியை எடுக்கவும் அந்த மனுஷனுக்கு மனமில்லை, மரியாதையாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு தேடி, எத்தனை பேரைக் கெஞ்சிப் பிடித்த ஆள் - ஒரு வார்த்தை பேச விடவில்லையே, பாவி!

அப்போது பக்கத்தில் ஒரு குரல்.

"மடப்பய."

நான் திரும்பினேன். மார்கஸ். இடது கையைத் திரைக்கு நேராக நீட்டி, குழறலாக, ஆனால் தெளிவாகப் புரியும்படி, மறுபடியும், "மடப்பய."

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். கூட்டம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 10

லோஷினியே கூப்பிட்டாள். சிலருக்கு ஜெபம் முதலில் வருமாம், சிலருக்குப் பாட்டு, சிலருக்குத் திட்டு. "எது வருதோ அதைப் பிடிச்சுக்குங்க அக்கா. நல்லா திட்டட்டும்" என்றாள். இனி வாரா வாரம் அவரை இணையத்தில் பார்ப்பாளாம்.

ஜெபமாலை சொல்லிப் பார்த்தேன். வாயே திறக்கவில்லை. ஆளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? செய்தி வாசிப்பவரைக்கூடத் திட்டாமல் விடமாட்டார். எத்தனை நாள் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்!

ஏப்ரல் 2

கமலநாதன் சார் மிகவும் வருத்தப்பட்டார். இந்த மாதம் யார் வேண்டுமென்று நீயே முடிவு செய், பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

"டத்தோவையே கூப்பிடுங்க சார்" என்றேன். "நேரம் நிறைய கொடுங்க."

எனக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறதாம். பாராட்டினார்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

டத்தோ பேசினார். தலைப்பு, 'நிற்காதே, ஓடு!' நடுவில் சத்து மாவு டப்பாவைத் தூக்கிக் காட்டினார். எங்கள் மைக் மூடியிருந்தது, கடவுள் புண்ணியம்.

மார்கஸ் மூன்று சொற்கள் புதிதாகச் சொன்னார். புனித வாரத்தில் அவற்றை எழுதக் கூடாது. நான் அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். தனியாகத் திட்டி அலுத்துவிட்டது போலிருக்கிறது.

"கிறிஸ்டின்" என்று கூப்பிட்டார்.