மோதிரக் கிடங்கு

1963 ஜனவரி 29, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தோட்டின் திருகாணியைத் தேடினேன். பாயை உதறிப் பார்த்து, தலையணை உறையைப் புரட்டிப் பார்த்து, கடைசியில் அது இரவிக்கை மடிப்பில் கிடந்தது. மரை தேய்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஆத்மநாத பத்தரிடம் கொடுக்கப் போனேன்.

பட்டறையில் குமுட்டி அடுப்பு எரியவில்லை. அந்த அடுப்பை வெறும் சாம்பலோடு நான் பார்த்ததே இல்லை.

“வாங்க டீச்சரம்மா. திருகாணிதானே, அதுக்குப் புதுத் தங்கச் சட்டம் குறுக்க வராது. மத்ததெல்லாம் இனிமே பதினாலு காரட்டுலதான் செய்யணுமாம். பதினாலு காரட்டுல செஞ்சா அது நகையா? பித்தளைச் செம்புக்குத் தங்கச்சி.”

சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் கை சும்மாவே கிடந்தது. ஆட்கள் பலர் பீடி சுற்றப் போய்விட்டார்களாம். மீதிப் பேர் சங்கமாகச் சேர்ந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து வெள்ளி வேலை செய்யலாம் என்று யோசனை.

“எடம்கூடப் பாத்தாச்சும்மா. மோதிரக் கிடங்கு.”

“எது?”

“ரேஷன் மூட்டை கெடந்துச்சே, அந்தக் கட்டடம்தான். இப்பக் காலியாத்தானே கெடக்கு. முனிசிபாலிட்டியில போர்டு மாட்டிட்டாங்க. சமஸ்தானக் காலத்துல மோதிரம் செஞ்ச எடமாம். எங்க ஆளுக எடம்.”

வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போய்ப் பார்த்தேன். வெள்ளைத் தகரத்தில் நீல எழுத்து, பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. ‘மோதிரக் கிடங்கு. நகராட்சிக்குச் சொந்தமானது.’

நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. அது ரிங்க். சக்கரம் கட்டிச் சறுக்கும் கொட்டகை. ஊரில் எல்லோரும் ரிங்கு ரிங்கு என்றுதான் சொல்வோம். ஆபீஸ் கோப்புகளைத் தமிழாக்கும் யாரோ ஒரு நல்ல பிள்ளை, அதை ரிங் என்று படித்து, அகராதியைத் திறந்திருக்கிறான்.

1963 ஜனவரி 30, புதன்

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். புரையேறும் வரை சிரித்தார். “நல்ல வேளை, மணினு அர்த்தம் பண்ணல. கோயில்காரங்களும் வந்துருப்பாங்க” என்றார்.

பிறகு கேட்டார், “அங்க யாரு சறுக்குனா?”

அவர் அறந்தாங்கிக்காரர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம்தான் இங்கே வக்கீலாக வந்தார். அப்போதே கொட்டகையில் கூரை வரைக்கும் நெல் மூட்டை. இப்போது அதே ஊரில் கவுன்சிலர்.

“ஊர்க்காரங்க” என்றேன்.

ரசம் ஊற்றினேன்.

1963 பிப்ரவரி 6, புதன்

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு விளையாட இடம் இல்லை. பையன்கள் மைதானத்துக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போனால் வழியெல்லாம் சீட்டி. அதனால் வருஷக்கணக்காக விளையாட்டுப் பீரியடில் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலியாகக் கிடக்கும் கொட்டகையைப் பள்ளிக்குக் கேட்டு மனு போடப்போகிறார். பத்தர்கள் மனு முந்திக்கொண்டது. இரண்டும் மார்ச் கவுன்சிலில் வருகின்றன.

“அவங்க மோதிரம்னு சொல்றாங்க. நீங்க சரித்திரம் எடுக்கிறவங்க. அது என்ன இடம்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. அங்க பெண்கள் விளையாடியிருக்காங்கன்னு இருந்தா நமக்கு அதைவிட என்ன வேணும்?”

சரி என்று வந்துவிட்டேன். யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

1963 பிப்ரவரி 10, ஞாயிறு

எழுதிப் பார்த்தேன்.

கட்டியவர் அரிமளம் அடைக்கப்பன் செட்டியார். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன பினாங்கில் அப்படி ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, ரங்கூனிலிருந்து தேக்குப் பலகை இறக்கி, இங்கே போட்டார். நடுவில் பலகைத் தளம், சுற்றிலும் கல் பாவிய தாழ்வாரம். தாழ்வாரத்தில் உட்கார்ந்து சக்கரக்கட்டையைக் காலில் பூட்டிக்கொண்டு பலகையில் இறங்க வேண்டும். ஆரம்பத்தில் உத்தியோகஸ்தர்கள், காலேஜ் மாணவர்கள், வேடிக்கை பார்க்க ஊர் முழுவதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்களுக்கு மட்டும். அன்றைக்கு ஜன்னல்களில் காக்கித் துணி தொங்கும். வெளியே கேட்கிறவர்களுக்கு உள்ளே நெல் மில் ஓடுவதுபோல் இருக்கும். யுத்தத்தில் பர்மா போனதும் செட்டியார் வியாபாரமும் போயிற்று. கொட்டகையை அரசாங்கம் எடுத்து நெல் அடைத்தது.

இவ்வளவும் தடங்கலில்லாமல் வந்தது. அடுத்த வரி: ‘வெள்ளிக்கிழமைகளில் சில பெண்கள் சறுக்கினார்கள்.’

சில பெண்கள்.

தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, சுவர்க் கம்பியை விடுவதா வேண்டாமா என்று நின்ற ஒரு பதினாறு வயதுக்காரியை இந்த இரண்டு வார்த்தைக்குள் வைத்து மூடியாகிவிட்டது. கம்பியை விட்டதும் முதலில் வந்தது பயம் இல்லை. காற்று. முகத்தில் காற்று படும் அளவுக்கு வேகமாக நான் அதற்கு முன்பும் போனதில்லை, பிறகும் போனதில்லை. பஸ்ஸில் போவது வேறு.

அப்பாவுக்குத் தெரியும். தடுக்கவில்லை. கல்யாணம் பேசும்போது மட்டும், “காலேஜ் படிச்சதச் சொல்றதோட நிறுத்திக்குவோம், மத்ததெல்லாம் எதுக்கு” என்றார். மற்றதெல்லாம் என்றால் இதுதான்.

1963 பிப்ரவரி 17, ஞாயிறு

அரிமளம் போனேன். செட்டியார் மகள் முத்தாளைப் பார்க்க. எங்களில் நன்றாகச் சறுக்கினவள் அவள்தான், பின்பக்கமாகக்கூடப் போவாள். இப்போது மருமகள் எடுத்துவிட்ட ஆச்சி.

விஷயத்தைச் சொன்னேன். கூட்டத்துக்கு வரவேண்டாம், பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

“எங்க அப்பச்சி கட்டுனாகன்னு போட்டுக்க. பெருமையாப் போட்டுக்க. எம் பேரு வேணாம்.”

“என்ன தப்புப் பண்ணிட்டோம் முத்தாள்?”

“தப்புன்னு யாருடி சொன்னா. எம் மருமக ரோட்டுல சைக்கிள் விடணும்னு கேட்டா, போன மாசம். வீட்டுக்கு ஆகாதுன்னுட்டேன். இப்ப நான் சக்கரத்துல ஓடுனேன்னு அவ படிச்சா, நாளைக்குக் காப்பி யாரு குடுப்பா எனக்கு?”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். போகும்போது உள்கட்டுக்குக் கூட்டிப்போய் ஒன்றைக் காட்டினாள். பாத்திரம் அடைத்த பெரிய மரப்பெட்டகம். நான்கு பேர் சேர்ந்தாலும் அசையாது. ஒரு விரலால் தள்ளினாள், வழுக்கிக்கொண்டு போயிற்று. குனிந்து பார்த்தேன். நான்கு மூலையிலும் எங்கள் சக்கரக்கட்டைகள்.

“எண்ணெய் நாந்தான் விடுவேன். வேற யாரையும் தொட விடமாட்டேன்” என்றாள்.

1963 பிப்ரவரி 18, திங்கள்

வகுப்பில் அசோகர் நடத்திக்கொண்டிருந்தேன். மனம் முழுக்க அந்தப் பெட்டகம்.

1963 பிப்ரவரி 24, ஞாயிறு

அவர் என் பக்கத்தை வாங்கி, கோர்ட்டுக் காகிதம் படிக்கிறதுபோல் பென்சிலோடு படித்தார். பென்சில் ஒரே இடத்தில்தான் நின்றது.

“யாரு இந்தச் சில பெண்கள்? பத்தருங்க பக்கம் பேசுற கவுன்சிலர் குழந்தைசாமி மொதக் கேள்வியே இதத்தான் கேப்பான். பேரு இல்லாட்டி இது சரித்திரம் இல்ல, ஊர்ப்பேச்சு. ஒனக்குத் தெரிஞ்சு யாராச்சும் இருக்காங்களா?”

“பாக்குறேன்.”

“கெடைக்காது. எவ ஒத்துக்குவா? நம்ம வீட்டுல ஒருத்தி ஓடியிருந்தான்னு வையி, எலெக்‌ஷன்ல எனக்குச் சக்கரத்தையே சின்னமாக் குடுத்துருவானுக.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு நகைச்சுவை அதிகம். நானும் சிரித்தேன் — அதுதான் பொறுக்கவில்லை. எதுக்குச் சிரிச்சேன்? அப்பவே, நாந்தான்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஒரே வீட்டுல இருக்கோம். கோவிச்சிருப்பாரா? கோவிச்சிருக்க மாட்டார்னுதான் தோணுது. அப்ப என்னத்துக்குப் பயம்?

முத்தாளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. அவளாவது எண்ணெய் விடுகிறாள்.

1963 மார்ச் 3, ஞாயிறு

தலைமையாசிரியை சாவி வாங்கினார். இடத்தைப் பார்க்கப் போனோம். பத்தரும் வந்திருந்தார், அவர் சங்கத்துக்கும் பார்க்க அனுமதி உண்டு. அந்த அம்மாள் கூரை ஓட்டை எண்ணிக்கொண்டு அங்கிட்டுப் போய்விட, நாங்கள் இருவரும் நடுவில் நின்றோம். பலகை மேல் உமியும் எலிப் புழுக்கையும். காலால் தள்ளினால் கீழே தேக்கு அப்படியே இருக்கிறது. வளைந்து வளைந்து தேய்ந்த கோடுகள் தெரிகின்றன.

“அடுப்பு எங்க வைப்பீங்க பத்தரே?” சும்மாதான் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். குனிந்து விரலால் தட்டினார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

“மரம். ஒரு பொறி விழுந்தாப் போதும், சங்கமும் போச்சு, கட்டடமும் போச்சு.” பிறகு மெதுவாக, “மோதிரம் செஞ்ச எடம்னா மரத் தரை போடுவானாம்மா?”

“அப்ப உங்களுக்கு…”

“மொதல்ல நம்பத்தான் செஞ்சேன். பெறகு எங்க அண்ணன் சொல்லிட்டாரு, ரிங்குன்னா என்னன்னு. ஆனா போர்டுல எழுதியிருக்கே. வேலை இல்ல, எடம் குடுங்கன்னு கேட்டா எவன் குடுக்குறான்? பழைய பாத்தியதைன்னு சொன்னாத்தான் நாற்காலி போட்டுக் கேக்குறாங்க.”

நாங்கள் கேட்பதும் அப்படித்தானே? பிள்ளைகளுக்கு ஓட இடம் வேண்டும் என்றால் போதாது, முன்னால் ஓடினார்கள் என்று காட்ட வேண்டும்.

பத்தர் தாழ்வாரத்தில் ஏறி நின்றார். கல்லைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தார்.

“சுத்தி இருக்கிற இந்தக் கல்லுத் தரை எங்களுக்குப் போதும். நடுவுல புள்ளைங்க வெளையாடிட்டுப் போகட்டும். ஆனா எங்க ஆளுக கேக்க மாட்டானுக. மோதிரம்னு போட்டிருக்கு, முழுசும் நம்மதுன்னு நிக்கிறானுக. கூட்டத்துல யாராச்சும் ஒரு அம்மா எந்திரிச்சு, நான் இங்க ஓடுனேன்னு சொல்லட்டும். அன்னைக்கே நான் எங்க ஆளுகளப் பேசிச் சரிக்கட்டிருவேன். அதுக்கு முந்தி நான் வாயத் தொறந்தா, பள்ளிக்கூடத்துல பணம் வாங்கிட்டான்னுவானுக.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தார்.

“திருகாணி நிக்குதாம்மா?”

“நிக்குது.”

1963 மார்ச் 5, செவ்வாய்

ஏழாம் வகுப்பு ராசாத்தி பொத்தான் தைக்கும் பீரியடில் ஊசியைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கப்போகிற சாக்கில் பெஞ்சுகளைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தாள். கண்டிக்க வேண்டும். ஊசி கிடைத்ததா என்று மட்டும் கேட்டேன்.

1963 மார்ச் 8, வெள்ளி

திங்கட்கிழமை கவுன்சில். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நல்ல பிரதி எழுத உட்கார்ந்தேன்.

கடைசியில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்: பலகைத் தளம் பள்ளிக்கு, கல் தாழ்வாரம் பத்தர்கள் சங்கத்துக்கு. இதைத் தலைமையாசிரியையிடம் நேற்றே சொல்லியாயிற்று. முகம் சுளித்தார். பிறகு, “கரிப்புகை உள்ள வராம இருந்தாச் சரி” என்றார்.

பிறகு அந்த வரிக்கு வந்தேன். ‘சில பெண்கள்’ என்பதை அடித்தேன். அதற்கு மேல் எழுதியது ஒரு வார்த்தைதான். நான். வினைமுற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. சறுக்கினேன். அடியில் பெயர்: காமாட்சி ஏகாம்பரம், பி.ஏ., எல்.டி. அவர் பெயரும் சேர்ந்தேதான் வருகிறது. அதை விட்டுவிட்டுப் போட முடியுமா என்று யோசித்தேன். முடியாது, வேண்டவும் வேண்டாம்.

இதைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. நானே போய் எழுந்து நின்று படிக்கப் போகிறேன். இது இன்னும் யாருக்கும் தெரியாது.

அவர் கூடத்திலிருந்து கேட்டார், “எழுதி முடிச்சாச்சா? யாராச்சும் ஒத்துக்கிட்டாளா?”

“ஒருத்தி ஒத்துக்கிட்டா.”

“அடேயப்பா. யாரு?”

“திங்கக்கிழமை வருவா.”

பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. “தைரியக்காரிதான். முன் வரிசையில ஒரு நாற்காலி போடச் சொல்றேன்” என்றார்.

வேண்டாம் என்று சொல்லவில்லை.